ஐந்நூறு மார்க் நெற்றிக்காசு

இரும்புக் காசுகளையும் அலுமினியக் காசுகளையும் இனி ஒரே டப்பாவில் வைப்பதில்லை என்று நன்னிலம் பக்கத்து எங்கள் வீட்டில் ஒருநாள் முடிவெடுத்தேன். சட்டசபை கூடி எடுத்தது போன்ற முடிவு. எதிர்ப்பு எதுவும் வரவில்லை.

கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த ஜெர்மன் காசுகள் அவை. முதல் உலகப் போரில் செம்பும் நிக்கலும் பீரங்கிக்குப் போய்விட, ஊருக்கு ஊர் இரும்பிலும் துத்தநாகத்திலும் அவசரக் காசு அடித்துக்கொண்டார்கள். டப்பாவைத் திறந்தால் துரு வாசனை... சோறு பிசையும்போதும் விரலில் இருக்கும்.

போருக்குப் பின் வந்த அலுமினியக் காசுகள் மட்டும் பளபளவென்று இருந்தன. அதில் ஒன்று ஐந்நூறு மார்க். ஒரு பக்கம் கழுகு. விலைவாசி தாறுமாறாக ஏறியதில், அடித்த கொஞ்ச நாளிலேயே அதற்கு ஒரு ரொட்டித் துண்டுகூடக் கிடைக்காமல் போனதாம். ஈரம் படாத ஒரே இடம் என்று அதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுக் கும்பகோணம் காலேஜுக்குப் போய்விட்டேன்.

ஆட்சி மாறியிருந்த நேரம். கூலி நெல்லை உயர்த்தச் சொல்லிப் பண்ணையாட்கள் வயல்களில் செங்கொடி நட்டிருந்தார்கள்.

நான் லீவுக்கு வந்த அன்று எங்கள் பண்ணையாள் கோவிந்தன் இறந்துபோனார். பண்ணையாள் இறந்தால் கோடித்துணியும், நெற்றியில் வைக்க ஒரு ரூபாயும் நிலக்காரர் வீட்டிலிருந்து போகவேண்டும். அத்தை சாமி மாடத்தில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தனுப்பினார்.

சாயங்காலம் கோவிந்தன் மகன் முருகையன் வாசலில் நின்றான். என் வயதுதான்.

"செத்தவருக்குச் செல்லாக்காசு அனுப்பியிருக்கீங்களே ஐயா."

"ஐநூறுன்னு போட்டிருக்குடா, கண்ணு தெரியல?" என்றார் அப்பா.

"தெரியுதுங்க. அத நீங்களே வச்சிக்கிட்டு ஒத்த ரூபா குடுங்க. மிச்சம் உங்களுக்கு."

அத்தை உள்ளிருந்து, "பளிச்சுன்னு இருந்துச்சேன்னுதாம்ப்பா எடுத்தேன்..." என்றார்.

"நீங்க அப்படித்தாம்மா எடுத்திருப்பீங்க. ஐயா சொல்லட்டும். இன்னும் பொணத்த எடுக்கல."

அப்பாவின் சட்டைப் பையில் ரூபாய் இருந்தது. துணி வழியாகவே வட்டமாகத் தெரிந்தது. ஆனால் ஆட்கள் கேட்டு எதையும் கொடுப்பதில்லை என்று நிலக்காரர்கள் கூடிப் பேசியிருந்தார்கள்.

"இன்னிக்கு நெத்திக்குக் கேப்பான், நாளைக்கு நெல்லுக்குக் கேப்பான். போடா."

காசைக் கழுகு மேலே தெரியும்படி வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். அவர்களே ஒரு ரூபாய் வைத்துக் கோவிந்தனை எடுத்தார்கள். கோவிந்தன் தெருவிலிருந்து யாரும் எங்கள் அறுப்புக்கு வரவில்லை. அப்பா வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் மறித்தவர்களில் முன்னால் நின்றவன் முருகையன்.

இப்போது சென்னை ஃபிளாட்டில் ஒவ்வொரு காசுக்கும் தனி பிளாஸ்டிக் உறை. ஏசி இருப்பதால் துரு வாசனையே இல்லை... அப்போது இதையெல்லாம் காட்ட ஆள் கிடையாது. இப்போது காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. போன வாரம் ஐந்நூறு மார்க்கைப் படம் எடுத்துப் போட்டேன். நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் அரிதல்ல என்றார்கள்.

அந்த அறுப்பின்போது வரப்பில் வெட்டுப்பட்டுச் செத்த முருகையனை அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து காசு எதுவும் போகவில்லை.