சாலம்மாள் கட்டிய கத்தரிக்கூடம்

எங்கள் சித்தி சாலம்மாளுக்குத் தெருவில் 'கொசுவலை' என்று பேர். வைத்தது யாரென்று கேட்காதீர்கள். தியாகதுருகம் பக்கத்து நாற்றுப்பண்ணைகளுக்கு வலை தைத்துக் கட்டுவது அவள் பிழைப்பு.

2020-இல் ஒரு விதைக் கம்பெனி எங்கள் ஊருக்கு வந்தது. மரபணு மாற்றிய கத்தரியைப் பசுமைக்கூடத்துக்குள் அடைத்து ஆராய்ச்சி செய்யப் போகிறார்களாம். ஊர்க்காரர்களுக்கு உதறல். அந்தப் பூவின் மகரந்தத்தைப் பூச்சி சுமந்து வந்தால் வருஷா வருஷம் எடுத்துவைக்கும் நாட்டு விதை கெட்டுப்போகும்.

மேலாளர் பகலவன் சித்தியை ஊர் முன்னால் நிறுத்தினார். "உங்க ஊரு அம்மாதாங்க கட்றாங்க. ஒரு எறும்புகூட வெளிய போவாது."

சித்தி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். செடி வைக்கும் முன் கூடத்துக்குள் வெல்லத்தைத் தூவி, எந்தத் தையல் வழியாக எறும்பு வரிசை கட்டியதோ அதைப் பிரித்துத் தைத்தாள். வாசலுக்கு இரண்டு கதவு. ஒன்றைச் சாத்தினால்தான் மற்றது திறக்கும்.

கூடத்துக்குப் பக்கத்துக் கொல்லையில் நாட்டுக் கத்தரி பயிரிடும் அம்மாசி கேட்டார்: "இன்னா கொசுவலை, நம்பலாமா?"

"நா தெச்சதுங்கண்ணா. தெகிரியமா வெதைக்கு வுடுங்க."

கூடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலையும் அவளுக்கே கிடைத்தது. கூடத்தில் நட்டது போக மிச்ச நாற்றை எரிப்பது மட்டும் பகலவன் பொறுப்பு.

அடுத்த ஜனவரியில் ஒருநாள், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். பஸ் நகரவில்லை. சித்தி இறங்கி வரப்பு வழியாக நடந்தாள். பகலவன் குத்தகைக்கு எடுத்திருந்த கொல்லையில் கத்தரி பூவும் காயுமாக நின்றது. தண்டுகளில் கம்பெனியின் சிவப்புப் பட்டை. கூடத்து நாற்றுக்கு அவள் கையால் கட்டியது. மேலே வானம். பூவுக்குப் பூ வண்டு.

பகலவன் மோட்டார் கொட்டகையில் இருந்தார்.

"இன்னா சார் இது? எரிச்சிட்டன்னு சொன்னீங்களே?"

"வெளிய எப்டி காய்க்குதுன்னு பாக்க வேணாவா? அனுமதி வர்றதுக்குள்ள கெழவனாயிடுவன். நீ போய் உன் வேலய பாரு."

"அப்ப அந்த ரெண்டு கதவு யாருக்கு?"

"வந்து பாக்கறவங்களுக்கு."

சித்தி நேராக அம்மாசி கொல்லைக்குப் போனாள். விதைக்கு விட்ட காய்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

"அண்ணா, இத வெதைக்கு எடுக்காதீங்க. பகலவன் வெளிய நட்டு வெச்சிக்கீறான். வண்டெல்லாம் இங்கயும் வந்திருக்கும்."

"தெரிஞ்சேதான் என்ன நம்ப வெச்சியா?"

"இப்பதாண்ணா பாத்தன்."

"கட்டுனவ நீதான சாலம்மா?"

அம்மாசி அரிவாளை எடுத்து, காய்களை அறுத்துக் குழியில் போட ஆரம்பித்தார். அவளும் குனிந்து ஒரு காயைப் பிடித்தாள்.

"தொடாத."

சித்தி கையை இழுத்துக்கொண்டாள். கடைசிக் காய் அறுபடும்வரை வரப்பிலேயே நின்றாள்.