காலியாக விடாதே

பாகூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தேன். வாசிக்கத் திணறிய பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன், பொய். "விடை தெரியலன்னா கேள்வியையே பாத்து எழுதுங்க, காலியா மட்டும் வுடாதீங்க" என்று பழக்கினேன்.

அந்த வருஷம் எல்லோரும் பாஸ். பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' பேனர். வெட்கமே இல்லாமல் அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் அந்த வகுப்புப் பெண் ஒருத்தி, சேதராப்பட்டு கம்பெனி வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தை என்னிடம் காட்ட வீட்டுக்கு வந்தாள். 'உங்களுக்குத் தெரிந்த வேலை என்ன?' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, முத்து முத்தான எழுத்தில், அதே கேள்வி.

"ஒரு எடங்கூட காலியா வுடல டீச்சர்" என்றாள், பெருமையாக.