ரீலில் நரம்பு ஏற்றிய சாயங்காலம்

என் மனைவியின் தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தபோது தூண்டில் கம்பும் அதற்கு ஒரு ரீலும் கொண்டுவந்தான். திரும்பிப் போவதற்குள் தாமிரபரணியில் ஒரு மீனாவது பிடித்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. வீடு வீடாக விருந்து தின்றதில் லீவு கரைந்து, ஒரே ஒரு சாயங்காலம் மிஞ்சியது. விடிந்தால் திருவனந்தபுரத்துக்குக் கார். ரீலில் தூண்டில் நரம்பு ஏற்றக் கடையில் கொடுக்கலாம் என்றான். நான்தான், நாலு மணிக்கு வா, ஏற்றி வைக்கிறேன் என்று வாயை விட்டேன்.

மத்தியானம் உட்கார்ந்தேன். போனில் வீடியோ பார்த்து, ரீலின் உருளையைச் சுற்றி நரம்பைக் கொண்டுவந்து, அதன் மேலேயே ஒரு முடிச்சு, நுனியில் இன்னொன்று. கைப்பிடியைச் சுற்றினேன். கைப்பிடி சுற்றியது, நரம்பு ஏறவில்லை. ரீலின் முன்னால் உள்ள வளைகம்பியைத் திறந்துவிட்டுக் கட்ட வேண்டுமாம். அதை வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்கிறார்கள். விளம்பரம் என்று நினைத்து நான் தள்ளிவிட்டிருந்தேன்.

அறுத்து மறுபடி கட்டினேன். நரம்பு சுற்றியிருந்த கட்டையைப் பென்சிலில் கோத்துப் பிடிக்க மனைவியைக் கூப்பிட்டேன்.

"தாலியிலயே நீங்க போட்டது ஒரு முடிச்சு. மிச்சம் ரெண்டும் உங்க அக்கா போட்டது. இதுக்கும் அவியளையே கூப்பிட்டிருக்கலாம்லா."

சுற்றினேன். நூற்றைம்பது மீட்டரும் ஏறியது.

நாலு மணிக்கு மச்சினன் வந்து நரம்பைப் பிடித்து இழுத்தான். ஏறிய சுருள் மொத்தமும், மெலிந்த கையில் வளையல் போல, உருளையின் மேல் வழுக்கிச் சுழன்றது. மீன் இழுத்தால் விட்டுக்கொடுக்கிற பிரேக் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"பிரேக்குன்னா உருளை சுத்தணும் அத்தான். இங்கன உருளை நிக்குது, நரம்பு மட்டும்லா சுத்துது."

பின்னல் நரம்பு வழவழப்பானது. அடியில் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் கட்டினால்தான் பிடிக்குமாம். மறுபடி எல்லாவற்றையும் உருவ வேண்டும். நுனியைப் பிடித்துக்கொண்டு அவன் தெருக்கோடிவரை நடந்தான். எதிர்வீட்டு அண்ணாச்சி வெளியே வந்தார்.

"என்னவே, ரோட்ட அளக்குதியளா? எப்பப் போடப் போறாங்களாம்?"

அவருக்கு விளக்கிச் சொன்னதில் பத்து நிமிடம். இரண்டு பைக்குகளுக்காக நரம்பைத் தரையோடு அழுத்திப் பிடித்ததில் இன்னும் கொஞ்சம். காயத்துக்கு வைத்திருந்த பிளாஸ்திரியை உருளையில் ஒட்டி, கட்டி, இறுக்கி, ஏற்றி முடித்தபோது வெயில் போய்விட்டது.

ஆற்றங்கரையில் மசங்கிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவைதான் வீச நேரமிருந்தது. வீசினான். கொஞ்ச நேரத்தில் நரம்பு கனத்தது. கம்பு வில்லாக வளைந்தது. விட்டுராதே, விட்டுராதே என்று நான் பக்கத்தில் நின்று கத்தினேன். சுற்றிச் சுற்றி இழுத்தான். கரைக்கு வந்தது, யாரோ முழுக்குப் போட்டு ஆற்றில் விட்டுப்போன வேட்டி. வேட்டியின் கரை சாயம் போகாமல் அப்படியே இருந்தது.

அதிலிருந்து தூண்டில் முள்ளைப் பிடுங்கியபடி மச்சினன் சொன்னான்: "எவ்வளவு கனம் அத்தான். ஆனாலும் முடிச்சு அவுரல, பாத்தியளா."

கேலி செய்திருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருப்பேன். அவன் நிசமாகவே சொன்னான்.