சின்னவன் முதலில் நடந்தது யாரிடம்

டிப்போவில் அவளுக்குக் ‘கேப்டன்’ என்று பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு எதற்குக் கப்பல் பட்டம் என்று கேட்பவர்கள் ஒருமுறை அவள் வண்டியில் ஏறிப் பார்க்கட்டும். மழை கொட்டோ கொட்டென்று கொட்டினாலும், பின்னால் வரிசையாக ஹாரன் அலறினாலும், கடைசியாக ஏறிய பெரியவர் கம்பியைப் பிடிக்கும்வரை வண்டி ஒரு அங்குலம் நகராது. “சீக்கிரம் எடும்மா” என்று எவனாவது குரல் விட்டால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். அடுத்த நிறுத்தம்வரை அவன் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வருவான்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் சொந்த வீட்டில் நாலு பேர் சேர்ந்து ஏமாற்றினார்கள். யாரோ எவரோ இல்லை. தாலி கட்டிய கணவன். கணவனின் அக்கா. கூடப் பிறந்த தம்பி. நாலாவது ஆள், முன்பல் நிரம்பிய வாயோடு சிரிக்கும் அவள் பெற்ற மகள், ஒன்றாம் வகுப்பு.

அந்த மகள்தான் பெரியவள். முதலில் அவள் கதையைச் சொன்னால்தான் இது புரியும். பெரியவள் கைக்குழந்தையாக இருந்து முதன்முதலில் நடந்தபோது கேப்டன் ரோட்டில் இருந்தாள். டூட்டியில் போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கான கணவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வண்டி வரும் நிறுத்தத்துக்கே ஓடி வந்து நின்றான். கதவு திறந்ததும், “நடந்துட்டாம்மா! நம்ம குட்டி நடந்துட்டா!” என்று கத்தினான். பயணிகள் எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். கடைசி நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கியதும் ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வழியில் ஏறின ஆளுக்கும் அது சேதி, பெற்றவளுக்கும் அது சேதி என்றால் அவள் பெற்றதற்கு என்ன அர்த்தம்? அன்றைக்கு முடிவு செய்தாள். இன்னொன்று பிறந்தால் அது எடுத்து வைக்கும் முதல் அடியைத் தன் கண்ணால் பார்த்தே தீருவது. இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அலுக்க வைத்திருந்தாள்.

இன்னொன்று பிறந்தது. சின்னவனுக்கு ஒரு வயது ஆகும் சமயம் இலை உதிரும் பருவம் வந்தது. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது ஒன்றும் கண்ணுக்கு அழகான பருவம் இல்லை. நனைந்த இலை ரோட்டில் ஒட்டிக்கொண்டால் சோப்பு போட்ட தரைதான், முன்கூட்டியே பிரேக்கை மிதித்துக்கொண்டே போக வேண்டும். வீட்டிலும் இலைதான். பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாவாடைப் பை நிறைய மஞ்சளும் சிவப்புமாக அள்ளிக்கொண்டு வருவாள், அது அப்படியே துணி துவைக்கிற மெஷினுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். காலையில் ஒரு காலுறை கிடைக்கும், ஜோடி கிடைக்காது. சின்னவன் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் தின்பான். விடியும் முன்பே அவள் முதல் வண்டிக்குக் கிளம்பிவிடுவதால், பிள்ளைகளைக் கணவன் எழுப்பிக் கீழ்த்தளத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விடுவான். அந்த நாத்தனார் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப்பு மாற்றுவது என்று வேலை பார்ப்பவள். பிள்ளைகள் விஷயத்தில் தங்கம். அதை இன்றைக்கும் கேப்டன் மறுக்க மாட்டாள்.

சின்னவன் சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்ததும் கேப்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலையுதிர் காலத்துப் பள்ளி விடுமுறையில் அவளுக்கு லீவு இல்லை. அந்த லீவு டிப்போவில் இன்னொரு டிரைவரான மீசைக்காரருக்குக் கிடைத்திருந்தது. அவளுக்குக் கிடைத்திருந்தது வருஷக் கடைசி விடுமுறை, அதுவும் பல வருஷம் காத்திருந்து இந்த முறைதான். குடும்பமே சேர்ந்து வீட்டில் இருப்பது, நடுக்கூடத்தில் போர்வையால் கூடாரம் போட்டு அதற்குள்ளேயே சாப்பிடுவது என்று பெரியவள் எப்போதோ திட்டம் போட்டு முடித்துவிட்டாள்.

லீவு மாற்றிக்கொள்வதற்கு அந்த டிப்போவில் ஒரு முறை உண்டு. இரண்டு டிரைவர்களும் டைம் கீப்பர் முன்னால் நின்று, “என் நாள் உனக்கு, உன் நாள் எனக்கு” என்று வாயால் சொன்னால் போதும். எழுத்து கிடையாது. எழுத்து இல்லாததாலேயே பின்வாங்குவதும் கிடையாது. வாக்கு மாறியவனோடு அப்புறம் ஜென்மத்துக்கும் எவனும் மாற்றிக்கொள்ள மாட்டான். மீசைக்காரர் தயாராக இருந்தார், வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வருஷக் கடைசியில்தான் வருகிறானாம். டைம் கீப்பர் அறைக்குள் போகும் முன், கேப்டன் லாக்கரிலிருந்து போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, சின்னவன் இன்னும் நடக்கலையே? நிஜமா சொல்லுங்க.”

அவன் ஏதோ லிஃப்டின் தலைமேல் நின்றிருந்தான். இரும்புச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது. “இல்ல. இன்னும் இல்ல.”

“அப்ப வருஷக் கடைசிய குடுத்துட்டு இத வாங்கிக்கட்டுமா?”

“உன் இஷ்டம்.”

“என் இஷ்டம் இருக்கட்டும். நீங்க சொல்லுங்க.”

“சரி, மாத்திக்கோ.”

அவள் மாற்றிக்கொண்டாள். இப்போது நடந்ததைக் கேளுங்கள். இது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலையிலேயே சின்னவன் நடந்துவிட்டான். நாத்தனார் வீட்டில் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவன், எதிரே பெரியவள் கையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தான். பிடியை விட்டான். தள்ளாடித் தள்ளாடி அக்காவிடம் வந்து பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தான். வேலைக்குக் கிளம்பிய கணவன் வாசலில் நின்று பார்த்தான். பார்சல் வண்டி ஓட்டும் தம்பி, அந்தப் பக்கம் வந்தவன் டீ குடிக்க எட்டிப் பார்த்திருந்தான், அவனும் பார்த்தான். நாத்தனார்தான் முதலில் சுதாரித்தாள். “யாரும் அவகிட்ட மூச்சு விடக் கூடாது, ஆமா. எப்படியும் லீவு போடத்தான் போறா. அவளே பாக்கட்டும், பாவம்.” பெரியவளின் மோவாயைப் பிடித்து, “நீ பெரிய பொண்ணுல்ல? இது ரகசியம்” என்றாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு ஒருத்தியை எப்படி முட்டாளாக்குவது என்று இவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

லீவு வந்தது. கேப்டன் கூடத்துத் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “நிக்கிறானா? நிக்கிறானா?” என்று கத்தினாள். இடைப்பட்ட நாட்களில் அவன் எழுந்தபோதெல்லாம் நாத்தனார் பிடித்துப் பிடித்து உட்கார வைத்திருந்ததால், பயல் நடப்பதையே மறந்தவன்போலத் தவழ்ந்துகொண்டிருந்தான். லீவு முடியப் போகிறதே என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு மத்தியானம், காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து எழுந்து நின்றான். நேராக வந்து அவள் மடியில் விழுந்தான்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தாள், அழுதாள், அவனைத் தூக்கிச் சுற்றினாள். நாத்தனார் மேலே ஓடி வந்து கைதட்டினாள். போனில் கணவன், “அப்படியா!” என்றான். தம்பியோ, “நிஜமாவாக்கா! என் கண்ணுல தண்ணியே வந்துருச்சு” என்றான். என் தம்பிக்குத்தான் எவ்வளவு பாசம் என்று இவள் பூரித்துப் போனாள். பெரியவள் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். சின்னவன்மேல் பொறாமை, வேறென்ன என்று இவள் அதையும் விட்டுவிட்டாள். லீவு முடிந்து டிப்போவுக்குப் போனவள் கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். மீசைக்காரரிடம், “அண்ணே, அந்த ஒரு மத்தியானத்துக்கு இன்னும் பத்து விடுமுறை கேட்டாலும் குடுப்பேன்” என்றாள்.

மரங்கள் மொட்டையாகிக் குளிர் இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேப்டன் பேச்சுவாக்கில் அந்தக் கதையை மறுபடி எடுத்தாள். “எத்தனை பேரு இருந்தாலும் பாருங்க, முதல்ல அம்மாகிட்டதான் நடந்து வந்தான்.”

“இல்ல! என்கிட்டதான் வந்தான்!” என்று பெரியவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எத்தனை நாள்தான் அடக்குவாள், பாவம். “அத்தை வீட்டுல! என் பிஸ்கட்டுக்குத்தான் முதல்ல நடந்தான்! அப்பா பாத்தாரு, மாமா பாத்தாரு, எல்லாரும் பாத்தாங்க! நான்தான் ஃபர்ஸ்ட்டு!”

யாராவது ஒருவர், “இவ என்ன உளர்றா” என்று சிரித்திருந்தால் கேப்டன் நம்பியிருப்பாள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்ப?” என்று கேட்டாள்.

கணவன் சொன்னான். போன் வந்த அன்றைக்குக் காலையில் என்று சொன்னான். இந்த முறை ஒரு பொய்யும் கலக்காமல் சொன்னான், இத்தனை நாள் கழித்து.

“நான் கேட்டேன்ல? நிஜமா சொல்லுங்கன்னு கேட்டேன்ல? மாத்திக்கட்டுமான்னு உங்ககிட்டதானே கேட்டேன்?”

“நீ அவ்வளவு ஆசையா கேட்ட. எனக்கு வாய் வரல. முன்ன பெரியவ நடந்தப்ப நீ எப்படி அழுதேன்னு நீதானே சொன்ன. உன் சந்தோஷத்துக்குத்தாம்மா…”

“என் சந்தோஷத்துக்கு என் லீவையே பிடுங்கிட்டீங்களா? பிள்ளைங்களோட இருக்கறதுக்குன்னு எனக்குக் கிடைச்சதே அந்த ஒண்ணுதான். நாள் தவறாம பஸ்ஸுல ஆயிரம் பேர் காது குத்தப் பாக்கறாங்க, அவங்ககிட்டல்லாம் தப்பிச்சு வீட்டுக்கு வந்து உங்ககிட்ட ஏமாந்திருக்கேனே!”

“தப்பு என்னோடதுதான்மா, நான்தான் சொல்ல வேணாம்னேன்” என்று நாத்தனார் கையைப் பிடிக்க வந்தாள். “மனசு நோகக் கூடாதுன்னு…”

“நொந்தா அழுதுட்டுப் போறேன் அண்ணி. அது என் அழுகை. அதையும் நீங்களே முடிவு பண்ணுவீங்களா?” தம்பி பக்கம் திரும்பினாள். “லூசு மாதிரி ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொன்னேனேடா. போனை வச்சதும் சிரிச்சிருப்பீங்க.”

“சத்தியமா யாரும் சிரிக்கலக்கா.”

“அது அதைவிட மோசம். பரிதாபப்பட்டிருக்கீங்க.”

சொல்லிவிட்டு அங்கேயே, எச்சில் கையோடு, ஓவென்று அழுதாள். சுவரோரம் நின்ற பெரியவள் அத்தையின் புடவையை இழுத்து, “நான் சொன்னதாலதான் அம்மா அழுறாங்களா?” என்று கேட்டாள். ஆளாளுக்கு இருந்த குழப்பத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு உப்புச்சப்பில்லாமல் போயிற்று. கணவன் எது சொன்னாலும் கேப்டன் இரண்டாம் முறை கேட்டாள். பால் வாங்கினேன் என்றால் திறந்து பார்த்தாள். சின்னவன் கூடத்தில் தொம்தொம்மென்று நடப்பதைப் பார்த்தால், முன்பு வயிறு நிறைந்த இடத்தில் இப்போது சுருக்கென்றது. அன்று தன் மடியில் விழுந்தது எத்தனையாவது நடை என்று தெரியாது, கேட்கவும் மனமில்லை. அந்த மத்தியானத்தையே அவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தாள். மீசைக்காரரிடம் லீவைத் திருப்பிக் கேட்கலாமே என்று தம்பி சொன்னான். “வாக்குக் குடுத்தது நான்டா, நீங்க இல்ல” என்றாள். 

வருஷக் கடைசி விடுமுறை வந்தது. கடைகள் சாத்தியிருந்தன. வண்டியில் ஏறியவர்களெல்லாம் யார் வீட்டுக்கோ பைகளும் பிள்ளைகளுமாகப் போகிறவர்கள். கேப்டன் அவர்களை ஏற்றி இறக்கினாள். பிள்ளைகள் இரண்டும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி இருக்கும் படத்தைக் கணவன் அனுப்பியிருந்தான். இடைவேளையில் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் போனை உள்ளே வைத்துப் பூட்டினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் போர்வைக் கூடாரம். அவள் இல்லாமலே போட்டிருந்தார்கள். சின்னவன் ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். பெரியவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள்.

“காலைலேர்ந்து வாயே திறக்கல. பல்லு ஆடுதுன்னு சைகை காட்டறா, சாப்பிடவும் மாட்டேங்கறா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்” என்று கணவன் சமையலறையிலிருந்து சொன்னான். இப்போதெல்லாம் அவன் அப்படித்தான், கணக்கு ஒப்பிப்பவன் மாதிரி பேசுவான்.

பெரியவள் அவள் கையைப் பிடித்துக் கூடாரத்துக்குள் இழுத்துப் போனாள். எதிரே உட்கார வைத்தாள். அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, “ஆ!” என்று ஒரு பெரிய கூச்சல் போட்டுக் கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் குட்டியாக ஒரு பல்.

“விழுந்துருச்சும்மா! இப்பதான் விழுந்துச்சு! நீதான் ஃபர்ஸ்ட்டு பாத்த!”

கேப்டன் குனிந்து பார்த்தாள். பல்லில் பொட்டு ரத்தம் இல்லை. ஈறு வெளுத்து ஆறத் தொடங்கியிருந்தது. காலையில் விழுந்த பல்லைக் கன்னத்துக்குள் ஒளித்துக்கொண்டு, பேசாமல், தின்னாமல், சிரிக்காமல், இந்த ஆறு வயசு ஜீவன் விடுமுறை நாள் முழுக்க அம்மாவுக்காகக் காத்திருக்கிறது. பாவிகளா, இவளையும் பழக்கிவிட்டீர்களே என்று நெஞ்சு கொதித்தது. எப்போது விழுந்தது, உண்மையைச் சொல் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். மகள் அவள் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாடி தங்கம்! நான் பாத்தேன், என் கண்ணாலயே பாத்தேன்!” என்று கைதட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மகளின் சிரிப்பு அப்படியே நின்றது.

“ஏம்மா அழற?” என்றாள். “இந்தத் தடவ நான் யார்கிட்டயும் சொல்லலையே.”