கியரில் நிறுத்திய வண்டி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை நீளும், அப்புறம்தான் மூளை வரும். மலையூரான ரிங்லெட்டில் கார் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது ஊரறிந்த குணம். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நாசமாய்ப் போன பெருமை.

எங்கள் கைக்கு வரும் கார்கள் கம்பெனி கொடுத்தபடியே திரும்பிப் போகாது. டர்போ மாட்டி, வால்வுகளுக்கு முரட்டு ஸ்பிரிங் போட்டு, எஞ்சினின் பலத்தை இரண்டு மடங்காக்கித் தருவோம். வேலை செய்கிற கை என்னுடையதில்லை, என் மனைவியின் தம்பியுடையது. முப்பத்தைந்து வயது, பேச்சு குறைவு. இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேலையைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது. என்னை மாமா என்பான்.

மேலே திரிங்காப்பு ஊரில் பூந்தோட்டம் வைத்திருக்கும் முதலாளி ஒருவரின் காருக்கு அவன் இரண்டு மாதம் உட்கார்ந்து எஞ்சின் கட்டினான். சாவியைக் கொடுத்தது நான். கூடவே ஒரு புத்திமதியும் சொன்னேன்.

"பாஸ், நம்ம மழைக்கு ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்புடிச்சு மாட்டிக்கும் லா. மேட்டுல நிறுத்துனா ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு, பின் டயருக்கு ஒரு கல்லு குடுத்துடுங்க."

மலையில் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துகிறோம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்த வாசலிலும் அந்தக் கல்லைப் பார்க்கலாம்.

மூன்றாம் வாரம் அந்தக் கார் இழுவை லாரியில் வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம், அப்புறம் மூச்சே இல்லை. கம்ப்யூட்டரை மாட்டினேன். கீழே சுற்றும் கிராங்க்கும் மேலே சுற்றும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று காட்டியது. இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். அது பல் தாண்டிவிட்டது, பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்திருக்கிறது. இதுவரைக்கும் என் கணிப்பு சரி. ஏன் தாண்டியது என்பதை எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும்.

திறக்கவில்லை. முதலாளி கத்திக்கொண்டிருந்தார், வாசலில் நாலு கஸ்டமர்கள் வேடிக்கை பார்த்தார்கள். செயினைத் தொய்யாமல் பிடிக்கும் உறுப்புக்கு டென்ஷனர் என்று பேர். "டென்ஷனர ஒழுங்கா முடுக்கலடா நீ!" என்று மச்சான் மேல் பாய்ந்தேன். அவன் முதலாளி பக்கம் திரும்பி, "பாஸ், நேத்து வண்டிய மேட்டுல எப்படி..." என்று ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். தப்பு செய்தவன் முழிக்கிறான் என்றே எனக்குப் பட்டது. அறைந்தேன். அதுவும் போதவில்லை எனக்கு.

"எனக்கு வேலை தெரியாதுன்னு பாஸ்கிட்ட சொல்லுடா. சத்தமா சொல்லு!"

"எனக்கு வேலை தெரியாது பாஸ்," என்றான். கையைக் கழுவினான், போய்விட்டான்.

மறுநாள் தனியாக மூடியைக் கழற்றினேன். டென்ஷனர் போல்ட்டுகளில் மஞ்சள் கோடு மயிரிழைகூட விலகவில்லை. தப்பு அவனுடையதில்லை. எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் டென்ஷனரைத் தள்ளிச் செயினை இறுக்கமாக வைத்திருக்கும். நின்றதும் அந்த அழுத்தம் இறங்கிவிடும். அந்த நேரத்தில் கியரில் இருக்கும் கார் பின்னால் நகர்ந்தால் எஞ்சின் தலைகீழாகச் சுற்றும். நாங்கள் போட்ட முரட்டு ஸ்பிரிங் கேமைச் சுற்ற விடாது. செயின் டென்ஷனரை உள்ளே அமுக்கிவிட்டுத் தாண்டும். முதலாளிக்கு போன் போட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரிதாண்ணே நிறுத்துனேன். மழையில கல்லு மண்ணுல புதைஞ்சு, வண்டி கொஞ்சம் பின்னாடி வந்துருந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?"

"ஒன்னுமில்ல பாஸ். எல்லாம் அந்தப் பய வேலைதான்."

இதை எழுதும்போதும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

சின்ன ஊர். சொன்ன சொல் மலை மேலே தானா ராத்தா டவுன் வரைக்கும் ஏறிவிட்டது, எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கப் போனான். அவன் இல்லாமல் நான் கட்டிய எஞ்சின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "தம்பிய கூட்டிட்டு வாங்க" என்று மனைவி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் கிளம்பிப் போனேன்.

லயத்து மேட்டில், அவன் முரட்டு ஸ்பிரிங் போட்டுக் கட்டிய என் வேனை ஏற்றி நிறுத்தி, பழக்க தோஷத்தில் ஃபர்ஸ்ட் கியரில் போட்டு இறங்கினேன். மருந்து டின்னைச் சுமந்தபடி வந்தவன், ஒரு கல்லை எடுத்து டயருக்குக் கொடுத்தான்.

"நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக்க இழுங்க மாமா. செயின் தாண்டிடும்."

வேனுக்குள் கையை விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். "உனக்கு எப்படா தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். அதத்தான் பாஸ்கிட்ட கேக்க வந்தேன். அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு, அவர அப்படி நிறுத்தச் சொன்னதே நீங்கதான்னு. நாலு பேர் முன்னாடி எப்படி மாமா சொல்றது? கடை போச்சுன்னா அக்கா என்னா பண்ணும்?"

வேலைக்குக் கூப்பிடத்தான் போயிருந்தேன். அவனும் அதற்குத்தான் நின்றான். கையுறையைக் கழற்றி, விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவன் திரும்பி வந்தால் தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், ஊருக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அவன் மேல் ஆத்திரம் வந்தது. இவ்வளவு தெரிந்தும் அறையை வாங்கிக்கொண்டு நின்றானே!

"மருந்தடிக்கிறப்ப மூஞ்ச மூடிக்கடா," என்று சொல்லிவிட்டு வேனை இறக்கினேன்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னா சொன்னான்?"

"வர மாட்டானாம்."

"திமிரு புடிச்சவன்," என்று தன் தம்பியைத் திட்டிக்கொண்டே எனக்குச் சோறு போட்டாள். நானும் சாப்பிட்டேன்.