கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டிக்குள் இருந்தது

கெரிட் பூன்ஸ்ட்ராவின் சமையலறையில், குளிர்பதனப் பெட்டியின் தலைமேல், எப்போதும் ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி நிற்கும். மிச்சிகனில் அது எல்லார் வீட்டிலும் நிற்பதுதான். தெற்குக் காற்று அடித்தால், சோளம் வறுபடும் மணம் கார்ன்ஃப்ளேக்ஸ் தொழிற்சாலையிலிருந்து ஊர் வரைக்கும் வந்துவிடும். ஆனால் கெரிட்டின் பெட்டிக்குள் கார்ன்ஃப்ளேக்ஸ் இருந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குள் இருந்தது சிறுபிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் பண்டம்: ஓட்ஸ் மணிகளும், அவற்றிடையே இளஞ்சிவப்பு, பச்சை, நீல நிறங்களில் நட்சத்திரமாகவும் மீனாகவும் வார்த்த மார்ஷ்மெல்லோ என்னும் மெத்து மிட்டாய்த் துண்டுகளும்.

அதை அவர் உள்ளூர்க் கடையில் வாங்குவதில்லை. அங்கே பணம் வாங்கிக்கொள்ள நிற்பவர்கள் எல்லாரும் அவருடைய பழைய மாணவர்கள். உயர்நிலைப் பள்ளியில் உடல்நலப் பாடம் நடத்தியவர் கெரிட். ஆண்டுதோறும் முதல் வகுப்பில் ஒரு கண்ணாடித் தம்ளரில் கரண்டி கரண்டியாகச் சர்க்கரையைக் கொட்டி, இந்த மாதிரிப் பண்டத்தில் ஒரு கிண்ணத்துக்கு இவ்வளவு இருக்கிறது, இது உணவல்ல, மிட்டாய், காலையில் வெறும் ஓட்ஸ் கஞ்சிதான் உணவு என்று காட்டுவார். மாணவர்கள் அவருக்கு ‘ஓட்ஸ் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு முறை டரெல் என்ற மாணவன் வகுப்பில் ஒளித்துத் தின்றுகொண்டிருந்த பொட்டலத்தைப் பறிமுதல் செய்தார். அன்று மாலை காருக்குள் உட்கார்ந்து, எதிரியை அறிந்துகொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், ஒரு நீல மீனை வாயில் போட்டார். பொட்டலம் தீரும்வரை வண்டியைக் கிளப்பவில்லை.

அதன்பின் அது அவருடைய காலை வழிபாடு போலாயிற்று. முதலில் ஓட்ஸ் மணிகளை மட்டும் உண்பார். வண்ணத் துண்டுகளைக் கிண்ணத்தின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்து, கடைசியில் ஒவ்வொன்றாக எடுப்பார். பிறகு, ஊதா நிறமாகிவிட்ட பாலைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பார். அந்தப் பண்டம் கடையிலிருந்து வந்த வெற்றுப் பெட்டியைக் கிழித்துக் குப்பையின் அடியில், செய்தித்தாளுக்குக் கீழே புதைப்பார். மனைவியை இழந்து தனியே வாழ்ந்த அந்த மனிதருக்கு நாள் இனிமையாகத் தொடங்க இது போதுமானதாக இருந்தது. லொரீன் ஹாக்கட் வரும்வரை.

லொரீன் அத்தெருவுக்குத் தபால் வண்டி ஓட்டுபவர். கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்று நெடுநாள் ஆயிற்று. கடிதம் கொடுக்க வந்த பழக்கம் காப்பிக்கும், காப்பி இரவு உணவுக்கும் வளர்ந்தது. இலையுதிர் காலத்தில் கெரிட் திருமணப் பேச்சை எடுத்தபோது லொரீன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எனக்கு ஒண்ணுதான் வேணும், கெரிட். முன்னாடி இருந்தவன் எல்லாத்தையும் மறைச்சான். வேலை போனதையே மூணு மாசம் மறைச்சான். இன்னொரு தரம் என்னால துப்பறிய முடியாது. யோசிச்சுட்டுச் சொல்றேன்.”

மறைக்க என்னிடம் எதுவுமில்லை என்று கெரிட் சொன்னார். சொல்லும்போது கண் ஒருமுறை குளிர்பதனப் பெட்டியின் தலைப்பக்கம் போய் வந்தது.

அறுவடை விருந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவருவார்கள்; தட்டின் அடியில் ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருக்கும். எந்தத் தட்டு முதலில் காலியாகிறது என்பதை யாரும் கவனிக்காதது போலவே எல்லாரும் கவனிப்பார்கள். கெரிட்டின் சபைக்கு லொரீன் முதன்முறையாகச் சமைத்துக் கொண்டுவந்தது பாலாடைக்கட்டி சேர்த்த உருளைக்கிழங்கு. அதன் மேல் நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸைத் தூவிச் சுட வேண்டும். தூவ வேண்டியதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

கெரிட் அப்போது மேல்தளத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் வீடு எதிர்ச்சாரியில்தான்; கதவு பூட்டப்படுவதில்லை. கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியை எடுத்துவர, லொரீன் பக்கத்தில் நின்ற டரெலை அனுப்பினார். முன்பு பொட்டலத்தை இழந்த அதே டரெல், இப்போது பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற தொப்பைக்காரர். அவர் பெட்டியோடு வந்தபோது, லொரீன் மிச்சச் சாமானை எடுக்கக் காருக்குப் போயிருந்தார். தேவாலயச் சமையலறையை ஆள்பவரான ஹெர்மினா அம்மாள் பெட்டியை வாங்கினார். கண்புரை முற்றிய அந்தக் கிழவி, உள்பையைத் துண்டில் சுற்றி உருட்டுக்கட்டையால் நொறுக்கி, பேசிக்கொண்டே தட்டின்மேல் கொட்டி, ஓவனுக்குள் தள்ளிவிட்டார்.

தட்டு வெளியே வந்தபோது கூடமே திரும்பிப் பார்த்தது. பொன்னிற மேலோடு இருக்க வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமும் உருகிக் குமிழியிட்டுக்கொண்டிருந்தன.

“யாரோட தட்டும்மா இது?” என்றார் ஹெர்மினா அம்மாள்.

யாரோ தூக்கிப் பார்த்து லொரீனின் பெயரைப் படித்தார்கள். ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பி அடங்கியது. காரிலிருந்து திரும்பியிருந்த லொரீனின் கழுத்து சிவந்தது. பாவம், அவங்க பக்கத்துல இப்படித்தான் செய்வாங்க போல என்று ஒருத்தி இரக்கத்தோடு சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. தொழிற்சாலையில் தவறுதலாகப் பை மாறியிருக்கும் என்று மற்றொருவர் சமாதானம் சொன்னார்.

படியிறங்கி வந்த கெரிட்டின் கண்ணில் முதலில் பட்டது நீலம், அடுத்து, மேசைமேல் கிடந்த பெட்டி, அதற்கடுத்து லொரீன். தொழிற்சாலை என்று சொன்னவரை ஆமோதித்துத் தலையாட்டினாலே போதும். அவர் பெயரும் பெருமையும் முழுதாக மிஞ்சும். லொரீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது தொழிற்சாலைத் தப்பு இல்ல. லொரீனோட தப்பும் இல்ல,” என்றார் கெரிட். வகுப்பறைக் குரல் வரவில்லை. “பெட்டிக்குள்ள அதைப் போட்டது நான். தினமும் காலைல அதைத்தான் சாப்பிடறேன். ரொம்ப வருஷமா.”

பல தலைகள் அவர் பக்கம் திரும்பின. அவரிடம் படித்தவர்கள் பாதிக் கூடம்.

“ஓட்ஸ் சார்,” என்றார் டரெல் மெதுவாக, “லெவன்த்ல என்கிட்டேருந்து ஒரு பொட்டலம் பிடுங்கினீங்களே. அது என்ன ஆச்சு?”

“தின்னுட்டேன்.”

“பூராவுமா?”

“பூராவும்.”

டரெல் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதன்பின் கூடத்தில் யாரும் அடக்கிக்கொள்ளவில்லை.

லொரீன் மட்டும் சிரிக்கவில்லை. அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். “மறைச்சது இவ்வளவுதானா? வேற ஏதாவது இருக்கா?”

“பாலைக் கிண்ணத்தோட தூக்கிக் குடிப்பேன்.”

“அதை ஊரே செய்யுது.”

“அப்ப வேற ஒண்ணும் இல்ல.”

லொரீன் ஒரு கரண்டி எடுத்துத் தட்டின் நீல மூலையை வெட்டி, தனக்கும் கெரிட்டுக்கும் பாதிப் பாதியாகப் போட்டார். பன்றித் தொடை இறைச்சியோடு சேர்த்துத் தின்றால் பரவாயில்லை என்று ஹெர்மினா அம்மாள் தீர்ப்புச் சொன்னார். தட்டு முதலில் காலியாகவில்லை. காலியே ஆகவில்லை என்பதுதான் உண்மை. மிச்சத்தை டரெல் வீட்டுக்குச் சுரண்டிக்கொண்டு போனார்.

பனி கரைந்ததும் திருமணம் நடந்தது. இப்போது குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் இரண்டு பெட்டிகள் நிற்கின்றன: ஒன்றில் கார்ன்ஃப்ளேக்ஸ், மற்றதில் அதன் சொந்தப் படத்தோடே மார்ஷ்மெல்லோ. காலையில் இருவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். கெரிட்டுக்கு இருக்கிற ஒரே மனக்குறை, லொரீன் வண்ணத் துண்டுகளை முதலிலேயே தின்றுவிடுவதுதான்.

“அது முறையில்ல, லொரீன்.”

“முறையைப் பத்தி நீதான் பேசணும்,” என்று சொல்லிக்கொண்டே லொரீன் கரண்டியை நீட்டி, கெரிட் கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்த நீல மீனை எடுத்துக்கொண்டார். கெரிட் தடுக்கவில்லை, கிண்ணத்தைச் சற்று அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.