இரண்டு கொடிகளும் விழுந்த ஆட்டம்

வீராசாமி அண்ணன் காலமாகிவிட்டார் என்று அவர் மகள் செலண்டாரிலிருந்து போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒருமுறை சதுரங்க ஆட்டத்துக்கு வரமுடியாத அளவு காய்ச்சல் என்று ஆள் அனுப்பிவிட்டு, நான் அசட்டையாக உட்கார்ந்திருந்தபோது மண்டபத்து வாசலில் வந்து நின்று சிரித்த மனிதர் அவர். இதிலும் ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். பிறகு அந்தப் பெண் அழுதாள்.

கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் அவரோடு சதுரங்கம் ஆடிய உங்களுக்கு நான் சொல்வது புரியும். தோட்டத்து லாரி ஓட்டிய அண்ணன், தொடக்கக் காய்களை யோசிக்காமல் நகர்த்துவார். கடிகாரத்தைத் தட்டிவிட்டு வெளியே போய்த் தன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே நாம், இவர் எதைப் படித்துவிட்டு வந்திருக்கிறாரோ என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். நம் நேரம்தான் ஓடும்.

"தெரியாத காயத்தான் தம்பி வேகமா நகத்தணும். அப்பதான் பயப்படுவான் லா," என்று ஒருமுறை சொன்னார். அதையும் நான் நம்பவில்லை. உண்மையான வித்தையை எதிராளியிடம் யாராவது சொல்வார்களா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாநில அணிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கடைசி ஆட்டத்தில் எங்கள் இருவரில் வெல்பவருக்கு அந்த இடம். எனக்கு அது வேண்டும். அவருக்கும் வேண்டும். "லாரிக்காரனுக்கு எதுக்கு செஸ்னு கேட்டவனெல்லாம் பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அன்று மூன்றாவது நகர்விலேயே கையைக் கட்டிக்கொண்டார். வெளியே போகவில்லை. என் முகத்தையே பார்த்தார். பலகையில் எதைக் கவனிக்காமல் விட்டேன் என்று தேடினேன். ஒரு வழியாகக் குதிரையை நகர்த்தினார். சாதாரண நகர்வு. அதனாலேயே பயம் கூடியது. இப்போது நான் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஆட்டம் முழுக்க இப்படியே மாறி மாறிப் போனது. நடுவர் வந்து தோளைத் தொட்டபோதுதான் கடிகாரத்தைப் பார்த்தோம். நேரம் தீர்ந்தால் விழும் சின்னக் கொடி இருவர் பக்கமும் விழுந்து கிடந்தது. எது முன்னால் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டம் சமன் என்றார்கள். அதனால் எங்கள் இருவரையும் புள்ளியில் முந்திக்கொண்ட கோலா சுங்கை பாரு ஊர்க்காரர் ஒருவர் அணிக்குப் போனார்.

"என்னா பொறி வச்சிருந்தீங்கண்ணே?" என்று அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம் கேட்டேன்.

"சொல்லிட்டா நீ நிம்மதியா தூங்கிருவ லா," என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சவம் எடுத்த பிறகு அவர் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, இப்பவாச்சும் சொல்லுங்க. அன்னைக்கு அப்படி என்னாதான் யோசிச்சீங்க? சாகற வரைக்கும் உங்க அண்ணன் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

"ஒண்ணும் இல்லக்கா. அவரு என்னா வச்சிருக்காருன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனைப் போலவே என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னுமா மறைக்கிறீங்க?"

அந்தச் சந்தேகம்தான் அண்ணன் எனக்கு விட்டுப்போனது. ஒன்றுமே இல்லாத என்னிடம் ஏதோ இருக்கிறது என்று கடைசிவரை நம்பிய ஒரே மனிதர் அவர்.